வளையல் தாங்கிய குவிமாடம்

(பேக்கரும்பு கலாம் நினைவிடம்: ஒரு கல்விச் சுற்றுலாவில் கற்ற பாடங்கள்)

– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது பலரும் கவிதை கொடுத்தார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் துறை சார்பில் இராமேசுவரம் போய்வந்த கல்விச் சுற்றுலாவில் நான் படித்த மூன்று பாடங்களை மட்டும் எழுதுகிறேன். இரண்டு பாடங்கள் கட்டடத்தைப் பற்றியவை. மூன்றாவது என்னைப் பற்றியது. அதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். என்னைப் போல இன்னும் நாலு பேராவது நம் கல்லூரியில் இருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன்.

முதலில் ஓர் உண்மை. சுற்றுலாவுக்குக் கிளம்பும்போது எனக்கு நினைவிடம் பார்க்கும் ஆசை எதுவும் இல்லை. "சமாதியில போய் என்னடா படிக்கறது? கடல்ல குளிச்சிட்டு வருவோம் மாப்ள" என்றுதான் நண்பர்கள் பேசிக்கொண்டோம். அதோடு, என் மனசு அன்று சரியாக இல்லை. ரிசல்ட் வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கணிதம், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் என இரண்டு பேப்பர் அரியர். வீட்டில் சொல்லவில்லை. "ரிசல்ட் இன்னும் வரலை" என்று சொல்லியிருந்தேன். சுற்றுலாவுக்கு 600 ரூபாய் கொடுத்தது என் அக்கா. ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசு. அதை வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் வாங்கினேன்.

பாம்பனைத் தாண்டி...

விடியற்காலையில் எங்கள் பஸ் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியது. 1988-இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி பாலம் இது. பக்கத்திலேயே கீழே 1914-ஆம் ஆண்டின் பழைய இரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை ஆட்கள் நெம்புகோல் பிடித்துக் கையால் திறப்பார்களாம். 2022 டிசம்பரில் அதில் இரயில் போக்குவரத்து நின்றது. அதன் அருகில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிஃப்ட் போல நேராக மேலே எழும்பும்.

எங்கள் சார் பஸ்ஸுக்குள் எழுந்து நின்று, "மூக்கைத் திறந்து நல்லா இழுங்கப்பா! என்ன வாசம் வருது?" என்றார். "மீன் சார்!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். "மீனோட சேர்ந்து உப்பும் வருது. இன்னைக்கு முதல் பாடமே அந்த உப்புதான். மறந்துடாதீங்க" என்றார்.

நினைவிடம்

பாம்பனிலிருந்து இராமேசுவரம் போகும் பெருவழிச் சாலையில், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வருகிறது பேக்கரும்பு. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் ஐ.ஐ.எம்.மில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து மறைந்தார் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அப்போது அவருக்கு வயது 83. ஜூலை 30 அன்று இங்கே அடக்கம் செய்யப்பட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு எங்களை வரிசையில் நிற்கவைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடக்கம் செய்த இடத்திலேயே தேசிய நினைவிடம் எழுப்பியது, அவர் தலைமை ஏற்றுப் பணியாற்றிய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. 2016 ஜூலை 27-இல், முதலாம் நினைவு நாளில் அடிக்கல். 2017 ஜூலை 27-இல் திறப்பு விழா. ஒரே ஆண்டில் வேலை முடிந்திருக்கிறது! கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு வேகம் என்று புரியும்.

முன் வாயில் டெல்லியின் இந்தியா கேட் போன்ற தோற்றம். மேலே குடியரசுத் தலைவர் மாளிகையை நினைவூட்டும் குவிமாடம். முன்கதவு தஞ்சாவூர் வேலைப்பாடு. சுவரின் மேல் பதித்த கற்கள் ஜெய்சால்மர், ஆக்ரா பக்கத்திலிருந்து வந்தவை. உள்ளே நான்கு பெரிய கூடங்கள். பிள்ளைப் பருவமும் படிப்பும் ஒன்று, குடியரசுத் தலைவராக இருந்த 2002 முதல் 2007 வரையிலான காலம் ஒன்று, இஸ்ரோவிலும் டி.ஆர்.டி.ஓ.விலும் உழைத்த ஆண்டுகள் ஒன்று, பதவிக்குப் பின் ஷில்லாங் வரையிலான நாட்கள் ஒன்று. அவர் வாசித்த வீணையும், 2006-இல் 74 வயதில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தபோது அணிந்த உடையும் அங்கே காட்சிக்கு உண்டு.

முதல் பாடம்: உப்பு

உள்ளே போகும் முன்பே சார் எங்களை வெளியே நிறுத்தி, உப்புக் காற்றுப் பாடத்தைத் தொடங்கினார்.

கடற்கரையில் கட்டும் கட்டடத்துக்கு எதிரி யார்? காற்றில் வரும் குளோரைடு. அது காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். தொட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு என்றால் கம்பி மெலிவது மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை! துருவாக மாறிய இரும்பு முன்னைவிட அதிக இடம் கேட்கும். பருத்துப் பருத்து, சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். கடலோர ஊர்களில் பழைய வீட்டு சன்ஷேடு பெயர்ந்து கம்பி வெளியே தெரிவது இதனால்தான்.

தடுப்பது எப்படி? கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே போதிய கனத்தில் காங்கிரீட் போர்வை வேண்டும். அதைத்தான் கவர் என்கிறோம். ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின்படி, சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் கவர் போதும். கடலோரக் காற்று நேராகப் படும் இடம் 'கடுமையான சூழல்' என்ற வகையில் வரும். அங்கே 45 மில்லிமீட்டர் வேண்டும். காங்கிரீட்டும் எம் 30 தரத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரை அளவோடு சேர்த்து, நன்றாக அதிரவைத்து, தவறாமல் நீராற்ற வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு கவர் கொடுத்தும் பயனில்லை.

என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். கவர் பிளாக் கிடைக்காத நாளில் கம்பிக்கு அடியில் ஜல்லியை வைத்து முட்டுக் கொடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். "ஏன்ப்பா கல்லு வைக்கறீங்க?" என்றால், "கம்பி தரையில படக்கூடாதுடா" என்பார். ஏன் படக்கூடாது என்பதை என் குடும்பத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. முப்பது வருஷமாகக் காரணம் தெரியாமலே சரியாகச் செய்கிறவர் அவர். காரணத்தைப் படித்துவிட்டுப் பரீட்சையில் கோட்டை விட்டவன் நான்!

இரண்டாம் பாடம்: வளையம்

"மேல பாருங்க. அந்தக் குவிமாடத்தோட எடை எங்க போகுது?" என்று கேட்ட சார், வரிசையைப் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினார்.

"கீழ போகுது சார்" என்றேன்.

"கீழ மட்டுமா?"

விழித்தேன். மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவனிடம் கேட்டால் வேறென்ன வரும்? சார் திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் மரத்தடியில் கூட்டினார். ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துப் பாதியாக வெட்டி, சுளையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தோலை மட்டும் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் கவிழ்த்தார். அசல் குவிமாடம்! உள்ளங்கையால் மேலிருந்து மெதுவாக அழுத்தினார். விளிம்பு வெளியே விரிந்தது. இன்னும் அழுத்தியதும் விளிம்பிலிருந்து மேல்நோக்கி இரண்டு மூன்று இடத்தில் கிழிந்தது. உச்சியில் ஒரு கீறல் கூட இல்லை.

"பாத்தீங்களா? எடை கீழ மட்டும் போகலை. வெளியேயும் தள்ளுது."

பிறகு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் ஒரு வளையலை வாங்கினார். மீதி இருந்த பாதித் தோலைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி வளையலை இறுக்கமாக மாட்டினார். மறுபடி அழுத்தினார். இந்த முறை விளிம்பு விரியவில்லை, கிழியவுமில்லை!

இதுதான் குவிமாடத்தின் தத்துவம். சீரான கனமுள்ள அரைக்கோளக் குவிமாடம் தன் சொந்த எடையைச் சுமக்கும்போது, உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 டிகிரி கோணம் வரை குறுக்குவட்டத் திசையில் அமுக்கம்தான் இருக்கும். அதற்குக் கீழே அது இழுவிசையாக மாறிவிடும். கல்லும் செங்கல்லும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் அடியில் விரிசல் விடுகிறது. அதைக் கட்டிப்பிடிக்க அடியில் ஒரு வளைய உத்திரம் வேண்டும். ரிங் பீம் என்பது அதுதான். ரோம் நகரத்துப் புனித பேதுரு பேராலயத்தின் பெரிய குவிமாடத்தில் விரிசல்கள் கண்டபோது, 1740-களில் அதைச் சுற்றி இரும்பு வளையங்கள் போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

"குவிமாடத்தை ஊரே அண்ணாந்து பார்க்கும். வளையத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா வளையம் போச்சுன்னா குவிமாடம் இல்ல" என்று சொல்லி முடித்த சார், வளையலைத் துடைத்து அந்தத் தோழியிடம் திருப்பிக் கொடுத்தார்.

மெக்கானிக்ஸில் ஒரு பாடம் எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றுதான்.

கூடங்களில் கண்டதும் நினைத்ததும்

சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். படங்களையும் சிலைகளையும் பார்த்துக்கொண்டே நடந்தபோது, பத்தாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

நண்பர்களே, கலாம் பெற்றதும் ஒரு டிப்ளமோதான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்தபின், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்து அவர் வாங்கியது டி.எம்.ஐ.டி. என்ற டிப்ளமோ. பட்டத்துக்குப் பின் படித்த படிப்பு அது. நம் டிப்ளமோவும் அதுவும் ஒன்றல்ல. என்றாலும் அந்த வார்த்தையைக் கேட்கும்போது நமக்கு முதுகு கொஞ்சம் நிமிரத்தானே செய்கிறது!

அவரும் டிராயிங் போர்டில் திட்டு வாங்கியவர்தான். விமான வடிவமைப்புப் பணி திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றார். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு டிராயிங் போர்டோடு உட்கார்ந்து முடித்தார் கலாம். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டும் நமக்கு இது புதுசா என்ன?

விமானப்படையில் விமானி ஆகவேண்டும் என்பது அவர் கனவு. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை! ஓர் இடத்தில் போன கனவு. பிறகு எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்குத் திட்ட இயக்குநர். 1979 ஆகஸ்ட் 10 அன்று அது கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் அதே ராக்கெட் ரோகிணியை விண்ணில் நிறுத்தியபோது, பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பிவைத்தார்.

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தகவல். ஏவுகணைக்குச் செய்த இலகுவான கூட்டுப்பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகளின் காலில் மாட்டும் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட சாதனத்தை 300 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். தன் மனதுக்கு மிகுந்த நிறைவு தந்த வேலைகளில் ஒன்றாக அதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் பாடம்: வளையல்

அவர் உறங்கும் இடத்துக்கு முன்னால் வந்து நின்றோம். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் தானாகவே அமைதியானார்கள். ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் இரு கைகளையும் ஏந்தி வேண்டிக்கொண்டார். ஒருவர் கைகூப்பினார். நான் சும்மா நின்றேன். தலைக்கு மேலே இருக்கும் குவிமாடம்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எடை வெளியே தள்ளும்... வளையம் பிடிக்கும்... அந்தத் தோழியின் வளையல்...

அப்போதுதான் பளிச்சென்று வந்தது, அந்தப் புத்தகத்தில் படித்து நான் மறந்துபோயிருந்த செய்தி. எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பா ஜைனுலாப்தீனிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார். அந்த வளையல்களைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். பேராசிரியரின் மூன்று நாள் கெடுவுக்கு அவர் ஏன் அப்படி அலறியடித்து உழைத்தார் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. உதவித்தொகை நின்றால் என்ன ஆகும்? வளையல் அடகிலேயே கிடக்கும்!

நண்பர்களே, இனி என் கதை. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது சேர்க்கைக் கட்டணம், டிராயிங் போர்டு, சீருடை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை. எங்கள் வீட்டில் இருந்த பொன் என்றால் அக்காவின் தோடு ஒன்றுதான். அவளே கழற்றிக் கொடுத்தாள். பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள் அவள். அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஆறு மாதம் படுத்திருந்த வருஷம் அது. அவள் தையல் கம்பெனிக்குப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். இன்று வரை அவள் காதில் இருப்பது கவரிங். தோடு இன்னும் அடகுக் கடையில். வட்டி மட்டும் மாதாமாதம் கட்டுகிறாள்.

"எங்க வீட்டில் முதல் பட்டதாரி நான்" என்று சொல்லும்போது எத்தனை கம்பீரம் நமக்கு! குவிமாடம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறோம். அடியில் ஒரு வளையம் நம்மைக் கட்டிப்பிடித்திருப்பதை நினைக்கிறோமா? என் வளையத்திடம் நான் பதினெட்டு நாளாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கூட்டத்தை விட்டு வெளியே வந்து, வேலி ஓரமாக நின்று போன் போட்டேன்.

"அக்கா, ரிசல்ட் எப்பவோ வந்துடுச்சு. ரெண்டு அரியர். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டுதானே? அதுக்கா இத்தனை நாளா சாப்பிடாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்த? நான் என்னமோ ஏதோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன். தோடு எங்கேயும் ஓடிப்போகாதுடா தம்பி. நீ முதல்ல பீஸைக் கட்டு. பொய் மட்டும் சொல்லாத, அதுதான் எனக்குப் பிடிக்காது."

அவ்வளவுதான். சூப்பர்வைசர் வருகிறார் என்று போனை வைத்துவிட்டாள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குவிமாடத்துக்குச் சென்ட்ரிங் எப்படி அடிச்சிருப்பாங்கன்னு கேட்டியா?" என்றார். பேப்பரும் பேனாவும் எடுத்து ரிங் பீமை வரைந்து காட்டினேன். அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரஞ்சு இல்லாததால், பழைய ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து அவளுடைய பிளாஸ்டிக் வளையலை மாட்டிக் காட்டினேன். "அட!" என்றாள். எனக்குக் கிடைத்த முதல் மாணவி அவள்தான்.

நண்பர்களுக்கு...

இராமேசுவரம் போகும் நண்பர்கள் பேக்கரும்பில் அவசியம் இறங்குங்கள். ஓட்டமாக ஓடிப் பார்க்காமல் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சிவில் மாணவர்கள் மேலே குவிமாடத்தையும் சுவரில் பதித்த கல்லின் இணைப்புகளையும் பாருங்கள். பதித்த கல் கட்டடத்துக்குச் சட்டை மாதிரி, சுமப்பது உள்ளே இருக்கும் தூண் என்பதை மறக்காதீர்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ராக்கெட், ஏவுகணைக் கூடத்தில் கூடுதல் நேரம் நில்லுங்கள். கடைசியில் அவர் உறங்கும் இடத்தில் ஒரு நிமிடம் அமைதியாக நின்று, உங்களைப் படிக்க அனுப்ப எதை யார் கழற்றிக் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வளையலோ, தோடோ, ஆட்டுக்குட்டியோ, பாட்டியின் பென்ஷனோ... ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும்!

அரியர் வைத்திருக்கும் தோழர்களே, மறைக்காதீர்கள். கம்பியில் பிடித்த துரு மாதிரிதான் மறைத்த பொய்யும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பருத்துக்கொண்டே போய் ஒரு நாள் உடைத்துவிடும். வீட்டில் சொல்லிவிட்டுப் படியுங்கள்.

இந்தக் கட்டுரையைக் கொடுக்கும் நாளில் நான் இரண்டு அரியர் பேப்பரையும் எழுதி முடித்துவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை (இந்தத் தடவை நிஜமாகவே!). மெக்கானிக்ஸ் நன்றாக எழுதியிருக்கிறேன். கணிதம் சுமார்தான். வந்ததும் முதல் போன் அக்காவுக்குத்தான், பாஸோ ஃபெயிலோ. முதல் சம்பளம் வாங்கும் அன்று அடகுக் கடைக்கு எந்தச் சீட்டை எடுத்துப் போகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சீட்டு இப்போது என் மெக்கானிக்ஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது.